உப்பரசனிடம் மூன்றாவது கேள்வி

ராயபுரம்,
2-11-1969

தம்பி லூயிஸ்,

நலமா என்று கேட்டு ஒரு வரியை வீணாக்க மாட்டேன். குடிதண்ணீரைக் குவளையால் அளந்து கொடுக்கும் கப்பலில் என்ன நலம் இருக்கப் போகிறது. உங்கள் முதலாளி கடனைக் கட்டி, பாஸ்ரா கோர்ட்டு கப்பலை விடுகிற வரை ஒருவரும் கரையில் கால் வைக்க முடியாது என்று எழுதியிருந்தாய். அதை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். "கடலுக்குப் போறேன்னு போனான். கடல்லயே கட்டிப் போட்டுட்டானுங்களா" என்றார்.

இன்று கல்லறைத் திருநாள். அப்பாவைக் கையைப் பிடித்து அழைத்துப் போனேன். அம்மாவின் சிலுவையைத் தடவிப் பார்த்து, சுண்ணாம்பு சரியாக அடிக்கவில்லை என்று என்னைத் திட்டினார். கண் போனவருக்கு எப்படித்தான் தெரிகிறதோ.

போன வாரம் சிலுவையம்மாள் மறுபடி வந்தாள். அவள் மகன் வால்டருக்குத் துறைமுகத்தில் சுமை தூக்கும் விஞ்ச் ஓட்டுகிற வேலை போய், மணலியில் புதிதாக வந்திருக்கும் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையில் நல்ல வேலை கிடைத்திருக்கிறது. பெண் கேட்டாள். அப்பா வழக்கமான பதிலைச் சொன்னார்: "எம்பொண்ண மாதாவுக்கு நேந்து வுட்டாச்சும்மா. உசுரு போற நேரத்துல அவ ஆத்தா சொன்ன வார்த்த. எம்புள்ள லூயிசு காதால கேட்டான்." நான் உள்ளே தையல் மெஷினை மிதித்துக்கொண்டிருந்தேன். ஆறு வருஷமாக இப்படித்தான். நேர்ந்துவிட்டதால் கல்யாணம் இல்லை. அப்பாவைப் பார்க்க ஆள் இல்லாததால் கன்னியர் மடமும் இல்லை.

போகட்டும், நம் விளையாட்டுக்கு வருகிறேன். அம்மை போட்டு ஒரே அறையில் அடைந்து கிடந்தபோது நாம் உண்டாக்கியதை, இருபத்தொன்பது வயதில் நானும் மீசை வைத்த நீயும் ஏர் மெயிலில் ஆடுகிறோம் என்று தெரிந்தால் தெருவே சிரிக்கும். ஏழு தீவு, அவற்றை ஆளும் உப்பு உடம்புக்காரன் உப்பரசன், கலங்கரை விளக்கில் அவன் பூட்டி வைத்த விளக்குக்காரி. நீ உப்பரசன், நான் விளக்குக்காரி. பித்தளைத் தாயக்கட்டை ஜோடியில் ஒன்று உன்னிடம், ஒன்று என்னிடம். நான் உருட்டியதை எழுதினால் என்ன நடந்தது என்று நீ எழுதுகிறாய்.

ஆனால் ஒரு புகார். உன் உப்பரசன் ஒரு நிலையில் நிற்கிற ஆள் இல்லை. முதல் கடிதத்தில், விளக்கு அணைந்தால் தன் உடம்பு கரைந்துவிடும் என்று பயந்து அவளைப் பூட்டினான். போன கடிதத்தில், வெளிக்காற்று அவளுக்கு ஆகாது, பாசத்தால் பூட்டினேன் என்கிறான். கெட்டவனாக இருக்கட்டும், நான் வேண்டாமென்று சொல்லவில்லை. கெட்டதை எதற்காகச் செய்கிறான் என்று அவனுக்காவது தெரிய வேண்டாமா.

உருட்டினேன், இரண்டு. விளக்குக்காரி இரண்டு படி இறங்கிப் பூட்டிய கதவண்டை நின்று கேட்கிறாள்: என்னை ஏன் பூட்டி வைத்திருக்கிறாய்? இது முதல் தடவை. கோயிலில் கல்யாண ஓலையை மூன்று ஞாயிறு வாசித்து, தடை தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்று கேட்பதைப் பார்த்து நாம் வைத்த விதி ஞாபகம் இருக்கட்டும். ஒரே கேள்வியை மூன்று தடவை கேட்டால், மூன்றாம் தடவை உப்பரசன் உண்மையைச் சொல்லியாக வேண்டும்.

ஹில்டா


பாஸ்ரா வெளித்துறை,
15-11-1969

அக்கா,

உன் கடிதம் காவல் படகில் வந்தது. பதினோரு பேரும் சுற்றி நின்று என் முகத்தையே பார்த்தார்கள். மற்றவர்களுக்கு ஒன்றும் வரவில்லை. நம் பக்கத்துக் கல்மண்டபத்து அத்தாவுல்லா பாய், "எனுக்கும் சேத்து படிடா" என்றார். சுண்ணாம்பு சமாசாரத்தைப் படித்துக் காட்டினேன். சிரித்தார். அவருக்கு இரண்டு காலும் வீங்கிக் கிடக்கிறது.

இங்கே கரை கண்ணுக்குத் தெரிகிறது. அதுதான் பெரிய பேஜாரு. பேரீச்ச மரம் தெரிகிறது, சைக்கிளில் போகிறவன் தெரிகிறான், சாயங்காலம் ரொட்டி சுடுகிற வாசனை வருகிறது. தெரியாமலே இருந்திருந்தால் தேவலை.

வால்டர் நல்ல பையன்தான். நான் குறை சொல்லவில்லை. ஆனால் அம்மா நேர்ந்ததை நாம் எப்படி மாற்றுவது? நீ போய்விட்டால் அப்பாவுக்குக் கஞ்சி யார் கொடுப்பது? கொஞ்சம் யோசித்துப் பார் அக்கா.

விளையாட்டில் இவ்வளவு கணக்குப் பார்க்காதே. வில்லன் என்றால் வில்லன்தான். ஆனாலும் கேட்டுவிட்டாய், பதில் சொல்கிறேன். உப்பரசன் அப்போதுதான் படகில் ஏறப் போனான். ஒரு கால் மணலில், ஒரு கால் படகில். பாய்மரம் விரித்தாயிற்று. திரும்பிப் பார்க்காமல் சொன்னான்: "என் தாய் சாகும்போது என்னைக் கூப்பிட்டு, இந்தப் பெண் விளக்குக்கே சொந்தம், யாருக்கும் கொடுக்காதே என்றாள். நான் ஒருவன்தான் கேட்டேன். தாய்ச்சொல்லை மீற எனக்கு அதிகாரம் இல்லை." இப்போது காரணம் பலமாக இருக்கிறதா?

லூயிஸ்


ராயபுரம்,
30-11-1969

தம்பி லூயிஸ்,

காரணம் பலமாகத்தான் இருக்கிறது. அவ்வளவு பலமாக இருப்பதால்தான் எனக்குப் பிடிக்கவில்லை.

நீ சொன்ன மூன்று காரணத்தையும் அவன் செய்கையோடு வைத்துப் பார்த்தேன். பயம் என்றால் விளக்குக்கு எண்ணெய் கொண்டுவந்து கொட்டியிருப்பான். எண்ணெய் இல்லாமல் அவள் திரியைக் கசக்கி எரித்தாள் என்று நீயே எழுதினாய், அவன் எட்டிப் பார்க்கவில்லை. பாசம் என்றால் ஒரு நாளாவது படியேறி வந்து அவள் முகத்தைப் பார்த்திருப்பான். அதுவும் இல்லை. தாய்ச்சொல் என்றால், விளக்குக் கோயிலில் கொண்டுபோய் விட்டிருக்க வேண்டும். சொந்தக் கோபுரத்தில் சமைக்கவும் துடைக்கவும் வைத்துக்கொண்டு, இவள் தெய்வத்துக்குச் சொந்தம் என்கிறான். லூயிஸ், இதை நான் நம் அடுப்படியிலிருந்து எழுதுகிறேன்.

அந்தத் தாயையும் நீ சரியாக எழுதவில்லை. நம் அம்மாவை எடுத்துக்கொள். மெழுகுவர்த்தி நேர்வாள், மொட்டை நேர்வாள். மீன் விற்ற காசில் எனக்குக் கல்யாணப் புடவை எடுத்து, பெட்டியில் பாச்சை உருண்டை போட்டு வைத்திருந்தாள். வருஷா வருஷம் வெயிலில் காயப்போடுவாள். அப்படிப்பட்டவள், நான் சாமியாரை அழைக்க ஓடிய நேரத்தில், முன்கட்டில் இருந்த அப்பாவுக்குக்கூடக் கேட்காமல், உன் காதில் மட்டும் என்னை மடத்துக்கு நேர்ந்தாளா? அன்று நான் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. சாவு வீட்டில் யார் கேட்பார்கள்?

நேற்று வால்டர் கோயில் வாசலில் நின்றான். "ஹில்டா, எனுக்கு மணலில வூடு குடுக்கறாங்க. ரெண்டு ரூம்பு. உங்கப்பாவையும் இட்டுக்கினு வா. நான் ஒண்ணும் சொல்லல. ஆனா இன்னும் ஒரு தபாதான் கேப்பேன்" என்றான். வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன் என்று வந்துவிட்டேன்.

உருட்டினேன், மூன்று. விளக்குக்காரி கதவில் கையை வைத்து இரண்டாம் தடவை கேட்கிறாள்: என்னை ஏன் பூட்டி வைத்திருக்கிறாய்?

ஹில்டா


பாஸ்ரா வெளித்துறை,
12-12-1969

அக்கா,

விளையாட்டுக்குள் அம்மாவை ஏன் இழுக்கிறாய்? உனக்குப் பேச ஆள் இல்லாமல் போனதால் எதையோ எதையோ முடிச்சுப் போடுகிறாய். இத்தோடு நிறுத்திவிடலாம்.

போன வாரம் எங்களில் ஒருவன் கரைக்கு நீந்திவிடலாம் என்று குதித்தான். போலீஸ் படகு பிடித்து ஈரத்தோடு கொண்டுவந்து விட்டது. எங்களுக்குக் காவலாகக் கோர்ட்டு ஒரு கிழவரை ஏற்றியிருக்கிறது. நல்ல மனுஷர். டீயில் பாதியைத் தருவார். எங்களை ஏன் விடக்கூடாது என்று கேட்டேன். ஒரு நாள் சட்டம் என்றார். இன்னொரு நாள், நீங்கள் போய்விட்டால் உங்கள் சம்பளம் வராது, உங்கள் நல்லதுக்குத்தான் என்றார். மறுநாள் எல்லாம் ஆண்டவன் சித்தம் என்றார். ஒவ்வொன்றையும் அன்றன்றைக்கு நம்பித்தான் சொல்கிறார். இதுதான் நிஜம். பூட்டுகிறவனுக்கு ஒரே காரணம் இருக்கும் என்பது புத்தகம் படிக்கிறவர்களின் ஆசை. என் உப்பரசன் மாறி மாறிப் பேசுகிறான் என்றால் அவனை நான் நன்றாக எழுதியிருக்கிறேன் என்றுதான் அர்த்தம்.

உன் இரண்டாவது கேள்விக்குப் பதில் இல்லை. அவன் ஊரில் இல்லை. நீரோட்டம் நன்றாக இருந்ததால் முதல் தீவைத் தாண்டிப் போய்விட்டான்.

இங்கே தண்ணீர் இன்னும் குறைத்துவிட்டார்கள். அப்பாவிடம் சொல்லாதே.

லூயிஸ்


ராயபுரம்,
26-12-1969

தம்பி லூயிஸ்,

நிறுத்த மாட்டேன். ஆரம்பித்தது நீ.

காவல் கிழவரை நன்றாக எழுதியிருக்கிறாய். அவரை வைத்துத்தான் உன் உப்பரசனைப் பிடித்தேன். கிழவர் சொல்லும் காரணம் தினமும் மாறுகிறது. ஆனால் அவர் இருக்கும் இடம் மாறவில்லை. பூட்டிய கப்பலில் உங்களோடு அவரும் கிடக்கிறார். உன் உப்பரசன் எங்கே இருக்கிறான்?

உன் எல்லாக் கடிதத்தையும் தரையில் விரித்து, அவன் பேசியதை விட்டுவிட்டுச் செய்ததை மட்டும் படித்தேன். பயத்தைச் சொன்னபோது துடுப்புக்கு எண்ணெய் பூசிக்கொண்டிருந்தான். விளக்குக்கு இல்லாத எண்ணெய். பாசத்தைச் சொன்னபோது படகைத் தள்ளிக்கொண்டிருந்தான். தாய்ச்சொல்லைச் சொன்னபோது ஒரு கால் படகில். இப்போது ஊரிலேயே இல்லை. அவன் ஒரு நாளும் கோபுரத்தில் இருந்ததில்லை. படகை நீ காரணமாக எழுதவில்லை, சும்மா இருக்கட்டுமே என்று வர்ணனையாக எழுதினாய். அதனால்தான் அதை நம்புகிறேன்.

விளக்கை யாராவது பார்த்தாக வேண்டும். அவள் வெளியே போனால் அவன் உள்ளே வர வேண்டும். அவன் வெளியே போகத்தான் அவள் உள்ளே இருக்கிறாள். இந்த ஒரு காரணத்தை வைத்துப் படித்தால் உன் கதையில் ஒரு வரிகூடப் பிசகவில்லை. மோசமாக எழுதிவிட்டாய் என்று நினைத்தேன், இல்லை. மறைத்து எழுதியிருக்கிறாய்.

அம்மா இறந்து நாற்பதாம் நாள் பூசை முடிந்த மறு வாரம் நீ கப்பலேறினாய். வீட்டுக்கு ஒரே மகன். நான் கல்யாணமாகிப் போயிருந்தால் உன்னால் போயிருக்க முடியாது. இதற்கு மேல் நான் எழுத மாட்டேன், மீதியை நீ சொல்ல வேண்டும்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். விளக்கை விட்டுப் போகிறேன் என்று அவள் என்றைக்காவது சொன்னாளா? கதவைத் திறக்கத்தானே கேட்டாள். அப்பாவை விட்டுவிட்டு ஓடிவிடுவேன் என்று நீயாகவே முடிவு கட்டிவிட்டாய். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

வால்டருக்குச் சரி என்று சொல்லிவிட்டேன். பங்குச்சாமியார், ஒருத்தி நேர்ந்தது இன்னொருத்தியைக் கட்டுப்படுத்தாது என்கிறார். ஜனவரி 11, 18, 25 ஞாயிறுகளில் ஓலை வாசிப்பார். அப்பா அதை ஏற்கவில்லை. "சாமி ஆயிரம் சொல்லட்டும். செத்தவ வார்த்தைய மீறி நீ நல்லா இருக்க மாட்டே. மூணாவது ஓலையில எய்ந்து நிப்பேன், அல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்லுவேன்" என்று தெருவில் எல்லோரிடமும் சொல்லிவிட்டார். கெட்ட எண்ணம் இல்லை அவருக்கு. எனக்கு ஏதாவது ஆகிவிடும் என்று நிஜமாகவே பயப்படுகிறார். அவர் எழுந்து தடை சொன்னால் நான் வால்டர் கையைப் பிடிக்க மாட்டேன். அவரை அழவைத்து என்னால் போக முடியாது.

உன் கடிதங்களை அவருக்குப் படிப்பவள் நான்தான். ஒரு வெள்ளைத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு, "அம்மா ஒன்றும் சொல்லவில்லை என்று லூயிஸ் எழுதியிருக்கிறான்" என்று நான் படித்தால் அவருக்குத் தெரியப் போவதில்லை. இரண்டு நாள் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். செய்யவில்லை. பொய் சொல்லித் திறந்தால் அதுவும் உன் பூட்டு மாதிரிதான்.

உருட்டவில்லை. மூன்றாம் தடவை கேட்கிறேன். என்னை ஏன் பூட்டி வைத்தாய்?

ஹில்டா


பாஸ்ரா வெளித்துறை,
8-1-1970

அக்கா,

மூன்று தாளைக் கிழித்துப் போட்டேன். இருப்பது இது ஒன்றுதான்.

உப்பரசனின் பதில். கோபுரத்து ஜன்னலிலிருந்து பார்த்தால் கப்பல்கள் போய்க்கொண்டே இருக்கும். கண் தெரியாத ஒருவருக்குக் கஞ்சி ஊற்றிக்கொண்டே கிழவனாகிவிடுவோம் என்று அவன் பயந்தான். அப்போது அவனுக்கு இருபது வயது. தாய் ஒன்றும் சொல்லவில்லை. அவன் கையைப் பிடித்துக்கொண்டாள், அவ்வளவுதான். அவள் வாயில் ஒரு சொல்லை அவன் வைத்தான். அவள் எழுந்து வந்து மறுக்க மாட்டாள் என்று தெரிந்துதான் வைத்தான். கெட்டவன் என்று அவன் தன்னை நினைக்கவில்லை. இரண்டு வருஷத்தில் திரும்பி வந்து சரி செய்துவிடலாம் என்று நினைத்தான். பிறகு அது பழகிவிட்டது.

அத்தாவுல்லா பாயை உடம்பு சரியில்லை என்று ஊருக்கு அனுப்புகிறார்கள். இதையும் என் தாயக்கட்டையையும் அவரிடம் கொடுத்திருக்கிறேன். இந்தக் கடிதத்தை நீ அப்பாவுக்குப் படிக்க வேண்டாம், நீயே கட்டிச் சொல்வதாக நினைப்பார். பாய் வாயால் சொல்வார். கட்டையை அப்பா தொட்டால் போதும், நான்தான் அனுப்பினேன் என்று தெரிந்துகொள்வார். கண் நன்றாக இருந்த காலத்தில் துறைமுகத்துப் பட்டறையில் அவரே அடித்துச் செய்தது, என்னிடம் இருந்ததில் ஒரு முனை நசுங்கியிருக்கும்.

பாய் நேரத்துக்கு வந்து சேர வேண்டும். எனக்கு அதைத் தவிர வேறு நினைப்பு இல்லை.

லூயிஸ்


ராயபுரம்,
25-1-1970

தம்பி லூயிஸ்,

பாய் வெள்ளிக்கிழமை வந்தார். ரயிலிலிருந்து இறங்கி, தன் வீட்டுக்குக்கூடப் போகாமல், மூட்டையோடு நேரே இங்கே வந்தார். அப்பா கையில் கட்டையை வைத்து, "நைனா, லூயிசு குட்தனுப்பினான். ஒரு வார்த்த சொல்லச் சொன்னான். அவுங்கம்மா இன்னாவும் சொல்லலியாம். இவன்தான் சொன்னானாம்" என்றார். அதற்கு மேல் நிற்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

அப்பா நசுங்கிய முனையைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டே இருந்தார். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். ராத்திரி சாப்பிடவில்லை. சனிக்கிழமை முழுக்க அப்படியே இருந்தார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. கட்டையை நம்பினாரா, நான் பாயை ஏற்பாடு செய்தேன் என்று நினைத்தாரா, தெரியவில்லை.

இன்று பூசைக்கு அவரே சட்டையைப் போட்டுக்கொண்டு தயாராக நின்றார். சாமியார் மூன்றாவது ஓலையை வாசித்து, தடை தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்றார். அப்பா எழுந்து நின்றார். கோயிலே திரும்பிப் பார்த்தது. வால்டர் தலையைக் குனிந்துகொண்டான். "இன்னா தடை?" என்று சாமியார் கேட்டார். அப்பா, "தட கிட ஒண்ணும் இல்ல சாமி. எய்ந்து நிப்பேன்னு அல்லாருகிட்டயும் சொல்லிட்டேன், அதான் நின்னேன்" என்றார். பின்வரிசையில் சிரித்தார்கள். அவர் உட்காரவில்லை. என் தோளைத் தேடிப் பிடித்துக்கொண்டு பூசை முடியும் வரை நின்றார்.

சாம்பல் புதனுக்கு முந்தின வாரம் கல்யாணம். அம்மா எடுத்த புடவையைத்தான் கட்டப் போகிறேன். மணலிக்கு அப்பாவும் வருகிறார். அங்கே காற்று நாறுகிறது என்று இப்போதே குறை சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

உன் மேல் எனக்குக் கோபம் தீரவில்லை. ஆறு வருஷம் சின்ன விஷயம் இல்லை. உன் பதிலைப் படித்து அழுதேன், அதற்காகக் கோபம் போய்விட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. நீ இங்கே வந்து என் எதிரில் உட்கார்ந்து திட்டு வாங்க வேண்டும். உப்பரசனைப் பற்றி இனி எனக்குப் புகார் இல்லை. கடைசிப் பதிலில் அவன் ஒழுங்காக எழுதப்பட்டிருக்கிறான்.

மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு அப்பா, "அந்தக் கப்பலு பூட்ட எப்போம்மா தொறப்பானுங்க?" என்று கேட்டார். தெரியாது என்றேன். "ரெண்டு கட்டையும் எட்த்தா" என்றார். ஆறு வருஷத்துக்குப் பிறகு ஜோடி சேர்ந்த கட்டைகளைக் கையில் கொடுத்தேன். தாயம் விழுந்தால்தானே அடைபட்ட காய் வெளியே வரும். உன் பேரைச் சொல்லி உருட்டினார். இரண்டும் தரையில் உருண்டு என் காலடியில் நின்றன.

"இன்னா வியுந்துது?" என்று கேட்டார். தாயம் என்று சொல்லியிருக்கலாம். அவருக்குத் தெரியப் போவதில்லை.

"அஞ்சுப்பா" என்றேன்.

"சரி. நாளிக்கிப் பாப்போம்" என்று கட்டைகளைத் தடவி எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

ஹில்டா